வெட்கம் தின்னும் நேரம்: நகர நலவாழ்வுத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகர நலவாழ்வுத் துறைகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அத்துறைகளோடு சேர்ந்து பணியாற்றும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நள்ளிரவில் விதைப்பையின் ஒரு பக்கத்தில் திடீரென்று கடுமையான வலி எடுக்கிறது; கூடவே குமட்டலும் வருகிறது. காலையில் அம்மா கேட்கும்போது அவன் "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்கிறான். அஜீரணத்துக்கு ஏதோ ஒரு மருந்தும் பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பும் கிடைக்கின்றன. மாலையில் கால் எடுத்து வைக்க முடியாமல் போன பிறகுதான் வலிக்கும் இடம் எதுவென்று வாயைத் திறக்கிறான். விதை முறுக்கம் எனப்படும் இந்த நிலையில், விதைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாண் தன்மேல் தானே முறுக்கிக்கொள்வதால் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. வலி தொடங்கி ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதை அகற்றத்தான் வேண்டியிருக்கும். பதின்பருவத்தில்தான் இது மிகுதியாக வருகிறது என்பதை மருத்துவம் படித்த எல்லோரும் அறிவார்கள். வரக்கூடிய பையன்களுக்குத்தான் யாரும் சொல்லிவைப்பதில்லை.

இந்த நோய்க்கும் அந்தப் பையனின் நடத்தைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் செய்த தவறு எதுவுமில்லை, மறைக்க எதுவுமில்லை. அப்படிப்பட்ட ஒன்றைச் சொல்லவே ஒரு பகல் முழுவதும் தயங்கும் வயதில், உண்மையிலேயே மறைக்க ஏதேனும் இருந்தால் எத்தனை நாள் தயங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதின்பருவத்தினருக்கான புறநோயாளர் பிரிவில் பணிபுரியும் செவிலியர் என்ற முறையில் நான் உங்கள்முன் வைக்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: இளையோரின் பாலியல் நலத்தில் கிட்டத்தட்ட எல்லாமே நேரத்தைச் சார்ந்திருக்கிறது, நீங்கள் நடத்தும் சேவைகளோ, தெரிந்தோ தெரியாமலோ, அந்த நேரத்தைத் தின்னும் வகையில் அமைந்திருக்கின்றன.

மணிக்கணக்கில் ஓடும் கெடுக்கள் வேறு சிலவும் உண்டு. கருத்தரிப்பைத் தவிர்க்க எடுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை அவசரக் கருத்தடை மாத்திரையை, பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்து 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. ஒவ்வொரு நாள் தாமதத்திலும் அதன் பயன் குறைந்துகொண்டே போகிறது. யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரை 120 மணி நேரம் வரை பயன் தரும். கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவதே இவற்றின் வேலை. ஏற்கெனவே உருவாகி நிலைத்த கருவை இவை கலைப்பதில்லை என்பதைப் படித்த பெரியவர்களுக்குக்கூட இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் அதைத் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமிக்கு இந்த இரண்டு கடிகாரங்களும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கிவிடுகின்றன; சிறுவனுக்கு எச்.ஐ.வி. கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்து முடிப்பதற்குள் மூன்று நாள்கள் கழிந்துபோவது எளிது.

வேறு சில தாமதங்கள் மெல்ல நடப்பவை. அதனாலேயே யார் கண்ணிலும் படாதவை. பாலுறவின் வழியே பரவும் கிளமிடியா தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இருப்பதில்லை. சில நாள் உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லியால் தீர்ந்துவிடக்கூடிய அந்தத் தொற்று, கவனிக்காமல் விடப்பட்டால் கருக்குழாய்களைப் பாதித்துப் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுக்கே தடையாக வந்து நிற்கலாம். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் ஆகிய நான்கும் குணப்படுத்தக்கூடியவை. ஆனாலும் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் இவற்றால் ஏறத்தாழ 37 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மாதவிடாய் வலியின் கதையும் இப்படித்தான். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருப்பது இயல்பு. ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் இரத்தப்போக்கோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலையோ, மாதாமாதம் வகுப்புக்குப் போக முடியாதபடி சுருட்டிப்போடும் வலியோ இயல்பு அல்ல. "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்ற ஆறுதலோடு அனுப்பிவைக்கப்படும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு, கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு வரும் இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பல ஆண்டுகளின் முதல் பகுதி பெரும்பாலும் பள்ளி வகுப்பறையில்தான் கழிகிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசியின் விஷயத்தில், குறித்த காலத்தில் செய்யும் ஒரு சிறு செயல் எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதை நம் காலத்திலேயே கண்டுவிட்டோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். தடுப்பூசி 2006இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒருவருக்குக்கூடக் கண்டறியப்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஊசியைப் பிந்திய வயதில் போட்டுக்கொண்டவர்களுக்கு அவ்வளவு முழுமையான பாதுகாப்பு கிடைக்கவில்லை. இது 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டிய ஊசி என்றும், ஒரே தவணைகூடப் போதுமானதாக இருக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும், "இந்த வயதிலேயே எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு, வைரஸைச் சந்திப்பதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன் என்ற எளிய விடையைச் சொல்ல வேண்டிய பள்ளிக் கூட்டங்களில், அந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வதில்தான் நிர்வாகத்தினர் கவனம் செலுத்துகிறார்கள்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை, கையில் போன் இருக்கிறது, அடுத்த தெருவில் மருத்துவமனை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த மருத்துவமனையின் வாசலிலிருந்து மருத்துவரின் அறை வரையுள்ள தூரத்தை ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் காலில் நடந்து பாருங்கள். பதிவு மேசையில் வரிசை நிற்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எழுத்தர், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும் குரலில், "என்னம்மா பிரச்சினை?" என்கிறார். அவள் முணுமுணுக்கிறாள், "சத்தமாச் சொல்லு" என்கிறார். "கூட யார் வந்திருக்காங்க?" என்பது அடுத்த கேள்வி. கைபேசி எண் கேட்கப்படுகிறது. அவள் பெயரில் எண் இல்லாததால் அப்பாவின் எண்ணைச் சொல்கிறாள். அன்று மாலையே, பரிசோதனை முடிவு தயாராக இருப்பதாக அப்பாவுக்குக் குறுஞ்செய்தி போகிறது. சீட்டில் துறையின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. காத்திருக்கும் இருக்கைகளுக்கு மேலே அதே பெயர் பலகையில் தொங்க, கீழே அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டை வீட்டார் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சேவை நேரம் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. பள்ளி நேரமும் அதுவேதான். இவை எதையும் கெட்ட எண்ணத்தோடு யாரும் ஏற்படுத்தவில்லை. பெரியவர்களுக்காக அமைத்த ஏற்பாட்டுக்குள் பிள்ளைகளையும் நுழையச் சொன்னோம். அவர்கள் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். அந்தப் பெண் அடுத்ததாகப் போவது, கேள்வி கேட்காமல் மாத்திரை விற்கும் கடைக்கோ, கேள்வி கேட்காமல் எதையும் சொல்லும் இணையத்துக்கோதான்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இரகசியக் காப்பைப் பற்றியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாலியல் நலச் சேவையை நாடிவந்த 18 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தடை கேட்டு வந்தது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும் என்றால் 59 விழுக்காட்டினர் சேவைகளில் சிலவற்றையோ அனைத்தையுமோ விட்டுவிடுவதாக, அல்லது பரிசோதனையையும் சிகிச்சையையும் தள்ளிப்போடுவதாகச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர், உறவை மட்டும் நிறுத்தப்போவதில்லை என்றும் சொன்னார்கள். பெற்றோருக்குச் சொல்லியே தீருவோம் என்ற விதி பிள்ளைகளைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எதிர்பார்க்கிறோம்; நடைமுறையில் அது அவர்களை மருத்துவரிடமிருந்து விலக்கிவைக்கிறது.

இதைப் பெற்றோருக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் பலர், உதவியோடு, அதே வாரத்தில் வீட்டிலும் பேசிவிடுகிறார்கள். எந்தச் சொற்களில் தொடங்குவது என்று தெரியாததுதான் பலருக்கும் தடையாக இருந்திருக்கிறது. நல்ல நடைமுறை சிக்கலானதும் அல்ல. பெற்றோரோடு வரும் எந்தப் பதின்பருவத்தவரையும், எந்த நோய்க்காக வந்திருந்தாலும், சில நிமிடம் மருத்துவர் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டால், அப்படிப் பார்ப்பதே ஒரு குற்றச்சாட்டாகத் தோன்றாது. அந்தத் தனிப் பேச்சின் தொடக்கத்திலேயே, இங்கே சொல்வது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, யாரேனும் துன்புறுத்தினாலோ, வற்புறுத்தினாலோ மட்டும் வேறு சிலரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதையும், அப்போதும் முதலில் அவரிடம் தெரிவித்துவிட்டே சொல்வோம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லை என்னவென்று சொல்லாமல் "எதை வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறுவதைவிடப் பெரிய கேடு இல்லை. அந்த ஒரு பிள்ளையோடு அவளுடைய வகுப்பு முழுவதும் உங்களை நம்புவதை நிறுத்திவிடும். வயது வரம்பும் ஒப்புதல் விதியும் சட்டத்துக்குச் சட்டம் மாறுபடும் என்பது தெரிந்ததே. உங்கள் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைக் கட்டாயமாக்குகிறது என்பதை எழுத்தர் உட்பட அனைவருக்கும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சட்டம் உண்மையில் கேட்பதைவிடக் கூடுதலாகப் பயந்து நடந்துகொள்ளும் ஊழியர்களைத்தான் நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன்.

இப்படி நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சுவீடனின் பூர்லேங்கே நகரில் 1970இல் இளையோருக்கென்றே தனி மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. மகப்பேற்றுச் செவிலியர், மருத்துவர், ஆலோசகர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த அமைப்பு பின்னர் நாடெங்கும் பரவியது. மாதவிடாய் ஐயத்துக்கும், காதல் முறிவின் துயரத்துக்கும், தொற்றுப் பரிசோதனைக்கும் ஒரே கதவுதான். உள்ளே போகிறவர் எதற்காகப் போகிறார் என்பதை அந்தக் கதவைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதன் அருமை அதுதான். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய பதின்பருவக் கருத்தரிப்புத் தடுப்புத் திட்டம், பள்ளிப் பாடத்தையும் எளிதில் அணுகக்கூடிய மருத்துவ சேவையையும் சேர்த்தே முன்னெடுத்தது. அங்கே 18 வயதுக்குட்பட்ட பெண்களில் கருத்தரிப்பு விகிதம் 1998இல் ஆயிரத்துக்கு 46.6 ஆக இருந்து, 2014இல் 22.8 ஆகக் குறைந்தது. அந்தச் சரிவு முழுவதற்கும் ஒரு திட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அங்கே பத்தாண்டுக்கும் மேலாக விடாமல் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். மூன்று மாத விழிப்புணர்வு இயக்கமும் ஒரு பேரணியும் அதற்கு ஈடாகா.

பாடத்தைப் பற்றி. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு விடை கிடைத்து நெடுநாளாகிறது. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதல், உலகெங்கும் நடந்த ஆய்வுகளை அலசி, இத்தகைய கல்வி உறவு தொடங்கும் வயதை முன்னுக்குக் கொண்டுவருவதில்லை என்று சொல்கிறது. மறுபுறம், திருமணம் வரை விலகியிரு என்று மட்டுமே போதித்த திட்டங்களை அமெரிக்க நாடாளுமன்றமே மதிப்பிடச் சொல்லி 2007இல் வெளிவந்த அறிக்கை, அந்த வகுப்புகளில் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே அளவில்தான் விலகியிருந்தார்கள் என்று கண்டது. இதற்குமேல் விவாதத்தை நீட்டிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. என் கவலை, பாடம் எந்த வயதில் வருகிறது என்பதுதான். பூப்பெய்துதல் பற்றிய வகுப்பு, பாதிப் பேர் பூப்பெய்திய பிறகு நடக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்பதை, அதை நோயென்று எண்ணி ஓராண்டு தவித்த பிறகு ஒருவன் கேட்கிறான். பெண்களை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் பேசிவிட்டுப் பையன்களை மைதானத்துக்கு அனுப்பும் வழக்கத்தால், ஒரு பையனுக்குத் தன் உடலைப் பற்றியும் தெரிவதில்லை, தன் தோழியின் உடலைப் பற்றியும் தெரிவதில்லை.

வகுப்புகளில் பெயர் எழுதாமல் சீட்டுப் போடச் சொல்வது எங்கள் வழக்கம். வரும் சீட்டுகளில் உறவைப் பற்றிய கேள்விகள் பெரியவர்கள் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. மார்பகங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லையே, வெள்ளைபடுவது நோயா, எனக்கு மட்டும் இன்னும் மீசை முளைக்கவில்லையே, வேண்டாம் என்று சொன்னால் அவன் பேசாமல் போய்விடுவானே என்று, ஏறத்தாழ எல்லாமே "நான் சரியாகத்தான் இருக்கிறேனா?" என்ற கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள். கடைசியாகச் சொன்ன கேள்விக்கு உடற்கூற்றியல் படத்தில் விடை இல்லை. விருப்பமில்லை என்று சொல்லும் உரிமையையும், அதைக் கேட்டு அந்த நொடியே நிறுத்திக்கொள்ளும் கடமையையும் பேசிப் பழகாத பாடம், ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தாலும் குறைப்பாடம்தான்.

மணிக்கணக்கில் ஓடும் கெடுக்களில் புதிதாக ஒன்று போன் வழியே வந்திருக்கிறது. நம்பி அனுப்பிய அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுவதும், பெண் என்று நடித்துப் பையன்களிடமிருந்து படம் வாங்கிப் பணம் பறிப்பதும் பெருகியிருக்கின்றன. மிரட்டுபவர் தரும் கெடு பெரும்பாலும் மிகக் குறுகியது. யாரிடமும் சொல்ல முடியாத அந்தச் சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் பரவுவதைத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் செயல்படுகிறது. படத்தை எங்கும் பதிவேற்ற வேண்டியதில்லை; அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் போனிலிருந்து சென்று, பங்கேற்கும் தளங்களில் அதே படம் தென்பட்டால் நீக்க உதவுகிறது. பணம் கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே, இன்றே ஒரு பெரியவரிடம் சொல் என்ற மூன்று சொற்றொடர்களும் இந்தச் சேவையின் பெயரும் ஒவ்வொரு பள்ளி நாட்குறிப்பின் முதல் பக்கத்திலும் அச்சாக வேண்டும். படம் அனுப்பியதற்காகத் திட்டுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்; அதையும் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வாசலுக்கே வராதவர்களைப் பற்றியும் ஒரு சொல். உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்குப் பாலியல் நலம் தேவைப்படாது என்று எண்ணி அவர்களை வகுப்பிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். அத்துமீறலுக்கு அதிகம் ஆளாகக்கூடியவர்களும் அவர்களேதான். தன்பாலினத்தவரிடம் ஈர்ப்பு கொண்ட பிள்ளை, மருத்துவர் தன்னைத் திருத்த முயல்வார் என்ற அச்சத்தில் வருவதில்லை. தன்பாலின ஈர்ப்பு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து 1990இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பது உங்கள் ஊழியர் அனைவருக்கும் தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, பள்ளி வழியாக மட்டும் நடக்கும் எந்தத் திட்டமும் போய்ச் சேராது. மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் மருத்துவமனை மட்டுமே அவர்களுக்குப் பயன்படும்.

நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. பதிவு மேசையில் காரணம் கேட்பதை நிறுத்தி, 'இளையோர் ஆலோசனை' என்ற ஒரே பெயரில் சீட்டுக் கொடுக்கலாம். முடிவை எந்த எண்ணுக்கு அனுப்பலாம், அல்லது நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாரா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் அவர்களுக்கென்று ஒதுக்கலாம். முன்பதிவு இல்லாமல் வந்தாலும், "72 மணி நேரம்" என்ற சொல்லைச் சொன்னாலே வரிசையில் நிற்காமல் உள்ளே அழைக்கும் ஒரு விதியை வகுக்கலாம். இவை சரியாக நடக்கின்றனவா என்பதை அறிய, விருப்பமுள்ள இளையோர் சிலரையே பயிற்சி கொடுத்து, நோயாளிகளைப்போல அனுப்பி, வாசலில் என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் எல்லா எழுத்தர்களும் மென்மையாகத்தான் பேசுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. இப்போது உங்கள் மாதாந்திர அறிக்கையில், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுக்கப்பட்டது என்று எண்ணி அனுப்புகிறோம். பதிவேட்டில் இரண்டு பத்திகளைக் கூடுதலாகச் சேர்க்க அனுமதியுங்கள்: தொல்லையோ கவலையோ தொடங்கிய நாளும் நேரமும் ஒன்றில், எங்களிடம் வந்த நாளும் நேரமும் மற்றொன்றில். இரண்டுக்கும் இடையிலுள்ள கால அளவு மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்று பார்ப்போம். குறையவில்லை என்றால் எங்கே சிக்குகிறது என்பதை அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு, அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை அதன்படி மாற்றி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பதின்பருவத்தினருக்கான புறநோயாளர் பிரிவில் பணிபுரியும் ஒரு செவிலியர்